கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கு, கன்னத்து மங்கு போக எந்தக் கிறீம் நல்லது?

முத்தையன்கட்டுப் பக்கம் வயல் வேலை, கன்னத்தில் மங்கு, நாடியில் (முகவாயில்) பருத் தழும்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கிறீம் வேண்டாம் என்பதை முதலில் சொல்கிறேன் தங்கச்சி, பூசிக் கெட்டவள் நான்.

இப்போது கிளிநொச்சியில் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். அதற்கு முன் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்த வெயிலும் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்ததும் சேர்ந்து, இரண்டு கன்னத்திலும் கபிலமாய்ப் படர்ந்தது. பான்சிக் கடையில் ஒரு டப்பா வாங்கிப் பூசினேன். இரண்டு கிழமையில் முகம் பளபளத்தது. மூன்றாம் மாதம் நிறுத்தியதும் சிவந்து எரிந்து, பொடிப்பருவும் வந்து, மங்கு முந்தியதை விடக் கறுத்தது. ஸ்டீரொயிட் கலந்த கிறீம் என்றார் தோல் டாக்டர். சிலதில் பாதரசமும் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். என்ன கலந்தது என்று எழுதாத டப்பாவைத் தொடாதீர்கள். தேசிக்காய்ப் புளியும் வேண்டாம், பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து புதுக் கறுப்பு வரும்.

மூன்று மாதத்தில் மங்கு முழுதாய்ப் போகாது, வெளிறும். எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாத, தோல் நிறம் சேர்த்த சன்ஸ்கிறீன் வாங்குங்கள். அதிலுள்ள இரும்பு ஒக்சைட் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் தடுக்கும், மங்குக்கு அந்த வெளிச்சமும் ஆகாது. வயலில் நின்றால் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூசவேண்டும், தொப்பியும் வேண்டும். மருந்தென்றால் அசெலெயிக் அமிலம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், மங்குக்கும் பருவுக்கும் உதவும். தோலை வெளிறச் செய்கிற ஹைட்ரோகுயினோனை நீங்களாக வாங்கிப் பூசவேண்டாம். (கறுக்காமல் வெளிறி, சுரண்டினால் பொடி உதிர்ந்தால் அது பெரும்பாலும் தேமல். பூஞ்சைதான், வைத்தியம் வேறு.)

சரி, மறைக்கிற கதைக்கு வருவோம். கறுப்புக்கு மேல் வெள்ளையைப் பூசினால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். மாநிறத் தோலில் முதலில் கறுப்பைச் சமன்செய்கிற செம்மஞ்சள் கரெக்டர், மங்குள்ள இடத்தில் மட்டும், மோதிர விரலால் ஒற்றி ஒற்றி. தேய்த்தால் கலைந்துவிடும். அதன்மேல் கழுத்து நிறத்துக்குப் பொருந்துகிற கன்சீலர் (மறைக்கிற கிறீம்) மெல்லிசாக, அப்புறம் பவுடர். நாடித் தழும்பு குழியாக இருந்தால் நிறத்தைத்தான் மறைக்கலாம், குழியின் நிழல் தெரியும். அங்கே மினுக்கம் எதுவும் போடாதீர்கள்.

போரில் செல் விழுந்து பட்ட காயத் தழும்போடு எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒருத்தி மட்டும், "அக்கா, அதை விடுங்கோ, அவருக்குத் தெரியும்தானே" என்றாள். விட்டுவிட்டுக் கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாய் மை போட்டேன்.

ஒரு கிழமை முன்னரே ஒத்திகை மேக்கப் போட்டு, மதிய வெயிலில் முற்றத்தில் ஒரு படம், இரவில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் போனில் எடுங்கள். ஃபிளாஷ் படத்தில் முகம் மட்டும் வெள்ளையாய் மிதந்தால், சன்ஸ்கிறீனில் உள்ள துத்தநாகமோ பவுடரோதான் காரணம். மாற்ற நாள் இருக்கும்.