களரியோரத்துக்கு ஒரு சின்ன லென்ஸ்

கேள்வி: என்னிடம் ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி30 கமராவும் அதனோடு வந்த 15-45 மி.மீ. கிட் லென்சும் இருக்கின்றன. ஊர்க் கூத்தை இரவில் எடுத்தால் ஆடுபவர்களின் கால்கள் புகைபோலக் கலங்கி விழுகின்றன. 27 மி.மீ. எஃப் 2.8, 35 மி.மீ. எஃப் 2 என்ற இரண்டில் எதை வாங்கலாம்? ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.
– வாசகி, திருக்கோவில்

பதில்: 35-ஐ வாங்குங்கள், மகள். கூத்துக்கென்றால் எனக்கு மறுபேச்சில்லை.

உங்கள் கிட் லென்சை 45-க்கு நீட்டினால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறுக்கச் சிறுக்க லென்ஸ் அகலத் திறந்து கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும்). கூத்தாடும் களரியின் வெளிச்சத்தில் அதற்கு ஷட்டர் 1/30 செக்கன் திறந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வெளிச்சத்தில் எஃப் 2.8 என்றால் 1/125, எஃப் 2 என்றால் 1/250. பாத்திரம் களரிக்கு வரும்போது ஆடும் வரவாட்டத்தில் சுழலும் காலைப் பிடிக்க எனக்கு அந்த 1/250 வேண்டியிருந்தது. கிட் லென்சில் நடுக்கம் தணிக்கும் வசதி உண்டு, 35-இல் இல்லை. ஆனால் அது உங்கள் கையைத்தான் அடக்கும், சலங்கை கட்டிய காலை அடக்காது.

35-இன் எடையையும் பாருங்கள்: 170 கிராம். முன்பு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு வடமோடிப் பாணிக் கூத்துக்கு முழங்கை நீளச் சூம் லென்சோடு போனேன். பின்னால் பாயில் இருந்த ஆச்சி ஒன்றும் சொல்லாமல் தன் பாயை இழுத்து அப்பால் போட்டார். அது இன்றும் உறுத்துகிறது. அடுத்த முறை 35-ஓடு போய்ப் பாயோரத்தில் குந்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விடியப்புறம் கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் விரல்பட்டு மத்தளத் தோலில் வியர்வை மினுங்கியதைக்கூட எடுக்க முடிந்தது.

மூன்றரை மீற்றர் தள்ளியிருந்து கமராவை நெடுக்காகப் பிடித்தால் ஓர் ஆட்டக்காரர் முடியிலிருந்து சலங்கைவரை அடங்குவார். எஃப் 2-இல் அந்தத் தூரத்தில் முக்கால் மீற்றர் ஆழம் மட்டுமே தெளிவாக விழும். அவர் ஓரெட்டு முன்வைத்தாலே முகம் மங்கிவிடும். ஆகவே ஆள் நகர நகரக் கமராவே குவியத்தைச் சரிசெய்யும் தொடர் ஃபோகஸில் (AF-C) வைத்து எடுங்கள். களரி முழுவதும் வேண்டுமானால் கிட் லென்ஸ் இருக்கவே இருக்கிறது.

27 நல்ல லென்ஸ்தான். முதலில் வந்தது 78 கிராம், 23 மி.மீ. தடிப்பு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கல்லடிப் பாலத்தில் காலையில் நடக்கலாம். உங்கள் தேவை அதுவல்ல.

கேள்வி: சின்ன லென்ஸ்களைத் தோல் உறையில் போட்டு அலுமாரியில் வைக்கலாமா?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். எங்கள் மாரியில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் வலைபோலப் படர்ந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படம் பிடியுங்கள். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே, முதலில் ஊதுபந்தால் மணலை ஊதிவிட்டு, பிறகு மெல்லிய துணியால் துடையுங்கள். துணியை முதலில் எடுத்தால் உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும்.