சனோபர் பொட்டலம் வந்த வீடுகளிலிருந்து

இம்முறை இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒரு கட்டு முழுவதும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. கேட்டிருப்பதும் ஒரே பொருளைப் பற்றித்தான். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஊர் திரும்பும்போது பேரீச்சம்பழத்தோடும் பாதாமோடும் இப்போது பைன் பருப்பையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். வந்த பிறகு அதை என்ன செய்வது என்பதில்தான் வீடுகளில் குழப்பம்.

கேள்வி: என் மகன் ரியாத்திலிருந்து அரைக் கிலோ "சனோபர்" கொண்டு வந்திருக்கிறான். பார்வைக்குச் சாரப்பருப்பு போலவும் இருக்கிறது, உரித்த வெள்ளரி விதை போலவும் இருக்கிறது. வட்டலப்பத்தில் போடலாம் என்கிறார் என் மாமியார். தொதலில் போடலாம் என்கிறாள் என் நாத்தனார். இது உண்மையில் என்ன? எதில் சேர்த்தால் நன்றாக இருக்கும்?
– வாசகி, கீழக்கரை

பதில்: சாரப்பருப்பு மாமரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பருப்பு, சனோபருக்கும் அதற்கும் உறவே இல்லை. சனோபர் என்பது பைன் மரத்துக்கு அரபு மொழியில் வழங்கும் பெயர். அந்த மரத்தின் கூம்பு வடிவக் காயில் செதிலுக்குச் செதில் ஒளிந்திருக்கும் விதையை எடுத்து, அதன் கெட்டியான ஓட்டை நீக்கினால் கிடைப்பதே உங்கள் கையில் இருக்கும் தந்த நிறப் பருப்பு. பைன் மரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டென்றாலும், எடுத்து உண்ணும் அளவுக்குப் பருத்த விதை கொண்டவை ஏறத்தாழ இருபதுதான். மத்தியதரைக் கடலோரத்துப் பைனின் பருப்பு மெலிந்து நீண்டிருக்கும். கொரியப் பைனின் பருப்பு குட்டையாக, ஒரு முனை அகன்று முக்கோணமாகத் தெரியும். நம் நாட்டிலேயே இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்தில் சில்கோசா என்ற பைன் இனம் வளர்கிறது. வட இந்தியாவில் குளிர்காலத்தில் அதை ஓட்டோடு வறுத்துக் கொறிப்பார்கள்.

விலையைக் கேட்டு மலைத்துப் போயிருப்பீர்கள். மத்தியதரைக் கடல் பைனில் ஒரு கூம்பு முற்றுவதற்கே மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு உயரமான மரத்திலிருந்து அதைப் பறித்து, வெயிலில் காய வைத்து விரியச் செய்து, விதையை உதிர்த்து, ஓட்டையும் உடைக்க வேண்டும். இத்தனை வேலையும் அந்த விலைக்குள் அடங்கியிருப்பதால், முந்திரியைப் போல அள்ளிப் போடுகிற பொருளாக இதை நினைக்காமல் ஏலக்காயைப் போல எண்ணிப் போடுகிற பொருளாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாமியாரின் யோசனைக்கும் நாத்தனாரின் யோசனைக்கும் வருவோம். தொதலில் போட்டால் வீண்தான். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணிக்கணக்கில் கிண்டப்பட்டு இறுகும் அந்தப் பண்டத்தின் அழுத்தமான மணத்துக்கு முன்னால் பைன் பருப்பின் மென்மையான சுவை காணாமல் போய்விடும்; அங்கே முந்திரியே போதும். வட்டலப்பத்தில் சேர்க்கலாம், ஆனால் கலவையோடு கலந்து அவித்தால் பருப்பு ஊறிச் சவசவத்துவிடும் என்பதால், அவித்து ஆறிய பின் நெய்யில் பொரித்து மேலே தூவுங்கள். எல்லாவற்றையும்விட இதற்குப் பொருத்தமான இடம் உங்கள் ஊர் நெய்ச்சோறு என்பது என் கருத்து. லெபனானிலும் சிரியாவிலும் இறைச்சிச் சோற்றின் மேல் நெய்யில் பொரித்த பைன் பருப்பைத் தூவாமல் விருந்து வைக்க மாட்டார்கள். நான்கு பேருக்கான நெய்ச்சோற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி தாராளம்.

பொரிப்பதில் ஒரு எச்சரிக்கை அவசியம். எடையில் மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பாக இருப்பதால் இந்தப் பருப்பு கண் இமைப்பதற்குள் கருகிவிடும். முந்திரிக்கான சூட்டிலேயே இதையும் போட்டு, முதல் தடவை ஒரு கைப்பிடியை நான் கரியாக்கியிருக்கிறேன். நெய் இளஞ்சூட்டில் இருக்கும்போதே பருப்பைப் போட்டு, கரண்டியை எடுக்காமல் கிளறி, வைக்கோல் நிறம் வந்தவுடன் வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் அது தன் சூட்டிலேயே மேலும் சிவக்கும்.

கேள்வி: பைன் பருப்பில் ஒமேகா–3 நிறைந்திருப்பதாகவும், தினமும் ஒரு கைப்பிடி தின்றால் உடல் இளைக்கும் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வாங்கிச் சாப்பிடலாமா?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: சாப்பிடலாம், ஆனால் அந்தச் செய்தியை நம்பிச் சாப்பிட வேண்டாம். 100 கிராம் பைன் பருப்பில் சுமார் 673 கலோரி ஆற்றலும், 68 கிராம் கொழுப்பும், 13.7 கிராம் புரதமும் இருக்கின்றன. ஒரு கைப்பிடி என்று நீங்கள் சொல்வது 28 கிராம் அளவில் வரும். அதிலேயே ஏறத்தாழ 190 கலோரி சேர்ந்துவிடுகிறது. வழக்கமான சாப்பாட்டைக் குறைக்காமல் இதையும் கூட்டிக்கொண்டே போனால் உடல் இளைக்காது, பெருக்கும்.

இளைக்கும் என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைன் விதைகளில் பினோலெனிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பு அமிலம் உண்டு. கொரியப் பைன் எண்ணெயில் அது சுமார் 14 சதவீதம் வரை இருக்கிறது. பிழிந்தெடுத்த அந்த எண்ணெயைச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில், பசி அடங்கியதை உணர்த்தும் சுரப்புகள் சிறிது நேரம் கூடின. பிரித்தெடுத்த எண்ணெயைக் கொண்டு சில மணி நேரம் பார்த்ததை, முழுப் பருப்பைத் தின்றால் மாதக்கணக்கில் எடை குறையும் என்று நீட்டிச் சொல்வது நியாயமல்ல. அதிலும் மத்தியதரைக் கடல் இனத்தில் அந்த அமிலம் பெயரளவுக்குத்தான் இருக்கிறது.

ஒமேகா–3 விஷயத்தில் செய்தி முற்றிலும் தவறு. பைன் பருப்பின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாத கொழுப்பு என்பதும், அதனால் இதயத்துக்குப் பகையானதல்ல என்பதும் உண்மை. ஆனால் அதில் மிகுந்திருப்பது ஒமேகா–6 வகை. ஒமேகா–3 வேண்டுமென்றால் இராமநாதபுரத்துக்காரர் ரியாத் பொட்டலத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பேச்சாளையும் சூடையும் வாங்கிக் குழம்பு வைத்தாலே போதும்.

இதன் உண்மையான சத்துகள் வேறு. 100 கிராமில் மெக்னீசியம் சுமார் 250 மில்லிகிராம், துத்தநாகம் சுமார் 6.5 மில்லிகிராம், இரும்பு 5.5 மில்லிகிராம், வைட்டமின் ஈ 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல், மாங்கனீசு 8.8 மில்லிகிராம், இதில் மட்டும் நம் வீட்டுப் பருப்புகள் பலவற்றை இது மிஞ்சிவிடுகிறது. ஆனால் மெக்னீசியம், துத்தநாகம், இரும்பு மூன்றிலும் தோல் நீக்காத எள் இதைவிட ஒரு படி மேலே நிற்கிறது. கால்சியத்திலோ இரண்டையும் ஒப்பிடவே முடியாது, எள்ளில் 900 மில்லிகிராமுக்கு மேல், இதில் 16. புரதத்தில் நிலக்கடலை இதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே வீட்டில் யாராவது கொண்டு வந்திருந்தால் சுவைக்காகச் சாப்பிடுங்கள். சத்துக்காகக் காசு கொடுத்து வாங்க நினைத்தால் அந்தப் பணத்துக்கு ஆறு மாதத்துக்கான எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் வரும்.

கேள்வி: மீனோடு சேர்த்துச் சமைக்க இது உதவுமா? எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாளே கிடையாது.
– வாசகி, இராமேசுவரம்

பதில்: நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இது. மீனும் பைன் பருப்பும் சேர்வது இத்தாலியக் கடலோரத்தில் வெகுநாள் பழக்கம். சிசிலித் தீவில் சாளை மீனைப் பிளந்து, ரொட்டித்தூள், உலர்திராட்சை, பைன் பருப்பு மூன்றையும் பூரணமாக வைத்துச் சுடுவார்கள். துருக்கியில் மட்டியின் ஓட்டுக்குள் பைன் பருப்பும் உலர்திராட்சையும் கலந்த சோற்றை அடைத்துத் தெருவில் விற்பார்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டு நின்றபடியே தின்பது வழக்கம். கணவாயைக் கழுவி அதன் பைக்குள் இதே சோற்றை அடைத்து, வாயைக் குச்சியால் தைத்து, தக்காளி மசாலாவில் வேக வைத்தால் நம் வீட்டுக்கும் பொருந்தும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது வெனிசு நகரத்துச் சாளை. மீனைப் பல நாள் கெடாமல் வைத்துக்கொள்வதற்காகக் கடலோடிகள் கண்ட உபாயம் என்று இதைச் சொல்வார்கள். அரைக் கிலோ பேச்சாளையைத் தலையும் குடலும் நீக்கிச் சுத்தம் செய்து, உப்பிட்டு, மைதாவில் லேசாகப் புரட்டிப் பொரித்து எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, சிறு தீயில் இருபது நிமிடம், நிறம் மாறாமல் குழையும்வரை வதக்கி, கால் கோப்பை வினிகரை ஊற்றிச் சற்றே சுண்டவிட்டு, ஒரு மேசைக்கரண்டி உலர்திராட்சையும் அதே அளவு பைன் பருப்பும் சேர்த்து இறக்குங்கள். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் மீன் ஒரு அடுக்கு, வெங்காயம் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி அடுக்கி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்திருந்து மறுநாள் எடுத்துச் சாப்பிட வேண்டும். பெட்டிக்கு வெளியே வைத்துவிடாதீர்கள். நம் வெயில் வெனிசு வெயில் அல்ல. அசல் செய்முறையில் காரம் கிடையாது. உங்கள் வீட்டார் அதை ஒப்ப மாட்டார்கள் என்று தோன்றினால், வெங்காயத்தோடு இரண்டு முண்டு மிளகாயைக் கிள்ளிப் போடுங்கள். புளிப்புக்கும் இனிப்புக்கும் நடுவே அது நன்றாகவே அமரும்.

கேள்வி: உறவினர் கொடுத்த பைன் பருப்பைத் தின்ற இரண்டாம் நாளிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் நாக்கில் கசப்பு, இரும்பை நக்கியது போன்ற சுவை. சோறு, குழம்பு, காப்பி எல்லாமே அப்படித்தான். காய்ச்சல் இல்லை. பயமாக இருக்கிறது.
– வாசகி, பாம்பன்

பதில்: பயப்பட வேண்டாம். பைன் பருப்பு தின்ற சிலருக்கு, தின்று 12 முதல் 48 மணி நேரத்துக்குள் இந்தக் கசப்பு தொடங்கி, சில நாள் முதல் இரண்டு வாரம்வரை நீடித்து, தானாகவே மறைவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. சீனாவில் விளையும் ஆர்மண்டி என்ற பைன் இனத்தின் பருப்போடு இது தொடர்புபடுத்தப்படுகிறது. அதன் பருப்பு மற்றவற்றைவிடச் சிறியதாக, மங்கலாக, உருண்டையாக இருக்கும். இதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. மிச்சமிருக்கும் பருப்பைத் தொடாதீர்கள், அவ்வளவே. இரண்டு வாரம் கடந்தும் கசப்பு நீங்காவிட்டால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். உதடு வீங்குவது, தோல் தடிப்பது, மூச்சு இழுப்பது ஆகியவை இதில் சேர்ந்தவை அல்ல. அவை ஒவ்வாமையின் அடையாளங்கள், அப்படி நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: பொட்டலத்தைப் பிரித்து ஒரு மாதந்தான் ஆகிறது. பெயின்ட் டப்பாவைத் திறந்தாற்போல் நாற்றம் அடிக்கிறது. வறுத்தால் சரியாகுமா?
– வாசகர், தொண்டி

பதில்: சரியாகாது, கொட்டிவிடுங்கள். அது எண்ணெய் சிக்குப் பிடித்த நாற்றம். வறுப்பதால் அது போகாது. உரித்த பைன் பருப்பு வெப்பத்தையும் காற்றையும் தாங்காது, உங்கள் கடற்கரையிலோ அவற்றோடு ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. அடுத்த முறை பிரித்தவுடன் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஓரிரு மாதமும், உறைபெட்டியில் வைத்தால் அதைவிடப் பல மாதமும் தாங்கும். பூசணம் தெரிந்தால் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்று எண்ணாதீர்கள். பூசண நச்சு கண்ணுக்குத் தெரியாத பருப்பிலும் இருக்கக்கூடும்.

கேள்வி: இரண்டு வயதுப் பேரனுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முழுதாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கும், ஐந்து வயதுவரை எந்தப் பருப்புக்கும் இதே விதிதான். கொரியாவில் பைன் பருப்பையும் ஊறவைத்த அரிசியையும் சேர்த்து அரைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள்; அந்த முறையில் ஒரு தேக்கரண்டி அளவு அரைத்துச் சேர்த்துக் கொடுக்கலாம். கடலையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாத குழந்தையென்றால் மருத்துவரைக் கேட்காமல் அதையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அரியமான் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் சின்னச் சின்னக் கூம்புகள் நிறையக் கிடக்கின்றன. கொடைக்கானல் பைன் காட்டிலிருந்தும் நான்கு கூம்பு எடுத்து வந்திருக்கிறோம். இவற்றிலிருந்து இந்தப் பருப்பை எடுக்க முடியுமா?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: சவுக்கு பைன் மரமே அல்ல. ஊசி போன்ற அதன் பச்சை நுனிகளும் கூம்பு போன்ற காயும் ஏமாற்றுகின்றனவே தவிர, அது பூக்கும் தாவர வகையைச் சேர்ந்தது. அதன் காய்க்குள் இருப்பது ஊதினால் பறக்கிற சிறகு முளைத்த பொடி விதை. கொடைக்கானல் மரங்கள் பைன்தான். ஆனால் அங்கே நட்டு வளர்க்கப்பட்டது மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பட்டுலா இனம், அதன் விதையும் சிறகு வைத்த பொடி விதையே. அந்த நான்கு கூம்பையும் அலமாரியில் அழகுக்கு வையுங்கள்.