சைக்கிளில் குடித்தது ஓட்டத்தில் வெளியே வந்தால்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் என மூன்றும் அடுத்தடுத்து வரும் கோவா அயர்ன்மேன் 70.3 போட்டியில் 90 கிலோமீட்டர் சைக்கிளை முடித்து ஓடத் தொடங்கியதும் வயிறு குலுங்கி வாந்தி வந்தது, அதுவரை எனர்ஜி ஜெல்லை, அதாவது பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழை, சர்க்கரை கலந்த எலக்ட்ரோலைட் பானத்தோடு விழுங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அந்தச் சேர்க்கையின் மேல்தான். வயிற்றில் சர்க்கரை அடர்ந்துவிட்டால் குடலுக்கு இறங்கத் தாமதமாகும். வெயிலில் கடுமையாக மிதிக்கும்போது ரத்தம் தோலுக்கும் தசைக்கும் போவதால் செரிமானம் இன்னும் மந்தமாகும். ஜெல்லுக்கு வெறும் தண்ணீர் குடியுங்கள்.

மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட் முதல் போட்டிக்குப் போதும். 90 கிராம் எல்லாம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்து பழக்கிய வயிற்றுக்கு. பக்கத்து ஆளைப் பார்த்துப் போட்டி நாளில் தொடங்குகிற வேலையல்ல.

தண்ணீருக்கு, ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைகிற ஒரு கிலோ, ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். முழுவதையும் ஈடுகட்ட வேண்டியதில்லை. மிதமிஞ்சிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அது உயிருக்கே ஆபத்து. உப்பு மாத்திரை போட்டால் எவ்வளவும் குடிக்கலாம் என்பவர்களை நம்பாதீர்கள். வாந்தியோடு தலைவலி, குழப்பம் வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள்.

நீச்சலில் கடல்நீர் விழுங்கினீர்களா? அப்படியென்றால் சைக்கிளில் முதல் 15 நிமிடம் ஜெல்லைத் தொடாதீர்கள்.