“உன் வயித்தையும் இப்படித்தான் அறுப்பாங்களா?”

கேள்வி: பாம்பனில் வசிக்கிறேன். எட்டு மாதக் கர்ப்பிணி. முதல் பிரசவம் சிசேரியன். கணவர் விசைப்படகுத் தொழிலாளி, மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இப்போது வீட்டில் இருக்கிறார். ‘பாப்பாவை ஆஸ்பத்திரியில் வாங்கி வருவோம்’ என்று ஐந்து வயது மகளிடம் என் மாமியார் சொல்லியிருந்தார். சென்ற வாரம் அவர் பால் சுறா ஆய்ந்தபோது உள்ளே குட்டிகளைக் கண்ட மகள், “உன் வயித்தையும் இப்படித்தான் அறுப்பாங்களா?” என்று கேட்டாள். அன்று முதல் என்னைவிட்டு நகர மறுக்கிறாள். அவளுக்கு எவ்வளவு சொல்லலாம்?

பதில்: உங்கள் மகளின் கேள்வியைப் படித்ததும் அவளுடைய பயம்தான் எனக்கு முதலில் தெரிந்தது. அரிவாள்மனையில் அறுபட்ட மீன் மறுபடி நீந்தாது என்பது கடற்கரையில் வளரும் குழந்தைக்கு நன்றாகத் தெரியும். அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்றுதான் அவள் உங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

முன்பு சிசேரியன் ஆனவருக்கு இம்முறை இயல்பான பிரசவமா, மீண்டும் அறுவை சிகிச்சையா என்பதைப் பழைய தழும்பின் தன்மையையும் குழந்தை இருக்கும் நிலையையும் பார்த்து உங்கள் மருத்துவரே முடிவு செய்வார் என்பதால், ‘அறுக்கவே மாட்டார்கள்’ என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். “பாப்பா வெளியே வர அம்மா உடம்பிலேயே ஒரு வழி இருக்கிறது, அந்த வழியாக வர முடியாவிட்டால், வலி தெரியாமல் மருந்து கொடுத்து, டாக்டர் வயிற்றைத் திறந்து பாப்பாவை எடுத்துவிட்டுத் தைத்துவிடுவார்” என்று சொல்லுங்கள். பிறகு உங்கள் தழும்பை அவளுக்குக் காட்டி, “நீ இந்த வழியாகத்தான் வந்தாய், அம்மா நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று கூறுங்கள். தன் கையால் தொட்டுப் பார்த்த தழும்பை எந்த ஆறுதலையும்விட அவள் நம்புவாள்.

அந்தப் பால் சுறாவையே மீண்டும் பேச்சுக்கு எடுங்கள். மற்ற மீன்களில் அவள் சினையைத்தான் பார்த்திருப்பாள். பால் சுறாவோ குட்டி போடும் இனம், அதன் குட்டி தாயோடு ஒரு கொடியால் இணைந்து உணவு பெற்று வளர்கிறது. மனிதக் குழந்தையும் தொப்புள்கொடி வழியாகவே வளர்கிறது என்று அவள் தொப்புளைத் தொட்டுக் காட்டலாம். ‘வயிற்றில்’ என்பதோடு நிறுத்தாமல் ‘கருப்பை’ என்ற சொல்லையும் கற்றுக்கொடுங்கள். அம்மா சாப்பிடும் சோறும் குழம்பும் பாப்பா தலையில் விழுமே என்று கவலைப்படும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பாப்பா உள்ளே எப்படிப் போனது என்று கேட்டால், அம்மாவிடமிருந்து ஒரு சிறு முட்டையும் அப்பாவிடமிருந்து ஓர் உயிரணுவும் சேர்ந்து உருவானது என்பது இந்த வயதுக்குப் போதும். கேளாத வரையில் அதற்கு மேல் போக வேண்டாம். பிறப்புறுப்பு உட்பட எல்லா உறுப்புகளின் பெயரையும் குளிப்பாட்டும்போது இயல்பாகச் சொல்லிப் பழக்குங்கள். யாரேனும் தகாத விதத்தில் தொட்டால், பெயர் தெரிந்த குழந்தையால்தான் தெளிவாகச் சொல்ல முடியும். அத்தகைய நேரத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் உதவி கேட்கலாம்.

மாமியாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவரிடமும் சிறுவயதில் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இனி வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் போதும். ஜூன் 14 வரை தடைக்காலம் இருப்பதால், கணவரும் இந்தப் பேச்சில் சேரட்டும். நீங்கள் மருத்துவமனையில் இருக்கும் நாள்களில் அவள் யாரோடு தூங்குவாள், எப்போது உங்களைப் பார்க்க வருவாள் என்பதை அவரே அவளிடம் சொல்லட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பினால் குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.