ஒரு மேலாளர், இரண்டு நிறுவனங்கள்

கேள்வி: என் பெற்றோர் பங்குதாரர்களாக உள்ள பனியன் நிறுவனமும், நானும் தம்பியும் இயக்குநர்களாக உள்ள பிரைவேட் லிமிடெட் கம்பெனியும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. அங்கே 14 பேர், இங்கே 9 பேர். கணக்கு மேலாளர் மட்டும் இரண்டுக்கும் பொது. அவருடைய ஆண்டுச் சம்பளம் 14 லட்சத்தையும் பெற்றோரின் நிறுவனமே கொடுத்துவிட்டு, ஆண்டு முடிவில் கம்பெனிக்கு 5 லட்சத்துக்கு டெபிட் நோட் (தொகையைக் கேட்டு அனுப்பும் பற்றுச் சீட்டு) போடுகிறது. இது சரியா?
- வாசகர், திருப்பூர்

பதில்: மேலாளர் நிலையில் உள்ள ஒருவரை இரண்டு நிறுவனங்கள் வேலைக்கு வைத்துக்கொள்வதற்குப் பொதுவான சட்டத் தடை இல்லை. ஆனால் நீங்கள் செய்வது அது அன்று. காகிதத்தின்படி அவருக்கு ஒரே முதலாளிதான். அந்த முதலாளி அவரை இன்னொரு நிறுவனத்துக்கு இரவல் கொடுத்துப் பணம் பெறுகிறார். வேலையாள் தன் முதலாளிக்குச் செய்யும் பணிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆளை அனுப்பிவைக்கும் சேவைக்கோ 18 சதவீதம் உண்டு. வெளிநாட்டுக் குழும நிறுவனம் தன் ஊழியர்களை இந்திய நிறுவனத்துக்கு அனுப்பிய வழக்கில், சம்பளத் தொகையை மட்டுமே திரும்பப் பெற்றிருந்தாலும் அது ஆள் வழங்கும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. ஜி.எஸ்.டி.க்கு முந்தைய சேவை வரிக் காலத்து வழக்குதான் என்றாலும் அதிகாரிகள் அதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். டெபிட் நோட்டை நிறுத்திவிட்டு இலவசமாக அனுப்பலாமே என்று எண்ண வேண்டாம்: தொடர்புடைய நபர்களுக்கிடையே காசு வாங்காமல் செய்யும் சேவையும் வரிக்கு உட்பட்டதே. தவிர, மற்றவருக்காகச் செய்த வேலைக்கான சம்பளத்தைத் தன் செலவாகக் காட்டினால் வருமான வரியில் அந்தப் பகுதி மறுக்கப்படலாம்.

ஆகவே இரண்டு நிறுவனங்களும் தனித்தனி நியமனக் கடிதம் கொடுத்து, வேலையையும் நேரத்தையும் அதில் குறித்து, 9 லட்சத்தையும் 5 லட்சத்தையும் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே மாதந்தோறும் கொடுப்பதுதான் நேரான வழி. முன் தேதியிட்ட கடிதம் மட்டும் வேண்டாம்.

இப்படிப் பிரித்த பிறகு வருமான வரியில் ஒரு சிக்கல் வரும். 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி 9 லட்சத்துக்கும் வரி வராது, 5 லட்சத்துக்கும் வராது. இருவருமே பிடித்தம் செய்ய மாட்டார்கள். ஆனால் மேலாளருக்கு வருமானம் 14 லட்சம். 75,000 ரூபாய் நிலையான கழிவு ஒருமுறைதான். செஸ் சேர்த்து 81,900 ரூபாய் வரியை, வட்டியோடு, ரிட்டர்ன் போடும்போது அவர் மொத்தமாகக் கட்ட நேரும். ஓரிடத்துச் சம்பள விவரத்தை மற்றோரிடத்தில் எழுத்தில் கொடுத்துவிட்டால், அந்த முதலாளி இரண்டையும் சேர்த்துப் பிடித்தம் செய்வார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பி.எஃப். சட்டத்துக்கு வரம்பு 20 பேர். தனித்தனியாக நீங்கள் அதற்குக் கீழே, சேர்த்தால் மேலே. குடும்பம், வளாகம், பணப்புழக்கம், நிர்வாகம் எல்லாம் ஒன்றாக இருந்து, ஒன்றில்லாமல் மற்றொன்று நடக்காது என்றால், பெயர்ப் பலகை இரண்டானாலும் நிறுவனம் ஒன்றே என்று கொள்ள இடமுண்டு. பொது மேலாளர் அதற்கு இன்னொரு சான்றாவார். ஆட்களைத் தனித்தனியாக எண்ணிப் பார்க்காமல் பி.எஃப். பதிவு செய்துகொள்வதே என் யோசனை; பின்னால் வரும் பாக்கியும் வட்டியும் அபராதமும் அதைவிடக் கனமானவை.

கேள்வி: பகலில் ஒரு யூனிட்டில் தைக்கும் டெய்லர்களை, அவசர ஆர்டருக்கு இரவில் எங்கள் இன்னொரு யூனிட்டில் தைக்க வைக்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்ய அனுமதிப்பதைத் தடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், முந்தைய 12 மணி நேரத்துக்குள் வேறொரு தொழிற்சாலையில் வேலை செய்தவரை அமர்த்துவதைத் தடுக்கிறது. உரிமையாளர் ஒருவரே என்பது விலக்கு ஆகாது. உண்மையில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் இரட்டிப்பு ஓவர்டைம் கூலியைத் தவிர்க்கத்தான் செய்யப்படுகிறது. கூடுதல் நேரம் தேவையானால் அதே யூனிட்டில், சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள், தொழிலாளியின் சம்மதத்தோடு வேலை வாங்கி, பதிவேட்டில் எழுதி, இரட்டிப்புக் கூலி கொடுங்கள்.