உறுமும் ஆம்ப், எரியும் 4440: ஆடியோ கேள்வி பதில்

பழைய 2என்3055 டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையர்) பாட்டு போடாதபோதும் 'உம்ம்' என்று ஹம் கேட்கிறது. ஃபில்டர் கெப்பாசிட்டரை (டி.சி.யைச் சீராக்குவது) 2,200-லிருந்து 10,000 மைக்ரோஃபாரடாக மாற்றினேன். குறையவில்லை, கூடிவிட்டது. ஏன்? (ஈரோடு வாசகர்)

கெப்பாசிட்டர் அளவு போதாமல் வரும் ஹம், சத்தத்தைக் கூட்டும்போதுதான் தலைகாட்டும். ஆம்ப் ஒரு ஆம்பியர் இழுத்தால் 2,200-ல் சப்ளை வோல்டேஜில் சுமார் 4.5 வோல்ட் ஏற்ற இறக்கம் வரும். 10,000-ல் ஒரு வோல்ட். ஆனால் பாட்டே ஓடாதபோது அது இழுப்பது 50 மில்லி ஆம்பியர் அளவுதான். அதற்குப் பழைய 2,200-ஏ தாராளம், கெடாமல் இருந்திருந்தால்.

வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஹம் மாறாமல் நின்றால் கோளாறு பவர் சப்ளையிலோ அவுட்புட் பக்கத்திலோ இருக்கிறது. ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜின் நான்கு டயோடுகளையும் மீட்டரில் பாருங்கள். ஒன்று ஓப்பன் ஆனாலும் கெப்பாசிட்டர் வினாடிக்கு 100 தடவைக்குப் பதில் 50 தடவைதான் சார்ஜ் ஆகும். வால்யூமோடு சேர்ந்து ஹம் ஏறினால் இன்புட் பக்கம் பாருங்கள்: ஷீல்டு ஒயரின் பின்னல் விட்டிருக்கும், அல்லது இன்புட் சாக்கெட் சேசிஸைத் (உலோகப் பெட்டி) தொட்டு இன்னொரு எர்த் (பொது நெகட்டிவ்) பாதை உண்டாகியிருக்கும்.

மாற்றிய பிறகு கூடியது என்பதால் என் சந்தேகம் எர்த் ஒயர் மீதே. பெரிய கெப்பாசிட்டருக்கு இடம் தேடித் தள்ளி வைத்ததில், போர்டின் எர்த்தை பிரிட்ஜின் நெகட்டிவ் காலில் பற்றவைத்திருக்க வாய்ப்பு அதிகம். பிரிட்ஜுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே உள்ள ஒயரில் கரண்ட் சீராகப் போவதில்லை. குறுகிய, உயரமான துடிப்புகளாகப் பாயும். கெப்பாசிட்டர் பெரிதானால் துடிப்பு இன்னும் குறுகி இன்னும் உயரும். அந்த ஒயரில் எர்த் எடுத்தால் துடிப்பு நேராகப் பாட்டில் கலந்துவிடும். பிரிட்ஜ் நெகட்டிவிலிருந்து கெப்பாசிட்டருக்குத் தடித்த, குட்டையான ஒரே ஒயர் போதும். ஸ்பீக்கர் ரிட்டர்ன், பவர் போர்டு, ப்ரீ ஆம்ப், சேசிஸ் எல்லாம் தனித்தனி ஒயராகக் கெப்பாசிட்டரின் நெகட்டிவ் காலில் வந்து சேரட்டும்.

வேலை முடிந்ததும் முதல் தடவை நேராக மெயினில் போடாதீர்கள். 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் வையுங்கள் (எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது). பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பிரகாசம் குறையாமல் நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது.

4440 ஆம்ப் ஐ.சி. போர்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு டயோடு. இரண்டு மாதத்துக்கு ஒரு ஐ.சி. போகிறது. எல்லாம் டூப்ளிகேட்டா? (விருதுநகர் வாசகர்)

டூப்ளிகேட் நிறைய உண்டு, ஆனால் முதல் குற்றவாளி டிரான்ஸ்ஃபார்மர். அந்த ஐ.சி.க்கு உரிய வோல்டேஜ் 13.2, ஓடும்போது 18-ஐத் தாண்டக் கூடாது. 12 வோல்ட் ஏ.சி. கெப்பாசிட்டரில் 16-க்கு மேல் நிற்கும். லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் பத்து சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும். ராத்திரி லைன் 250 வோல்ட்டுக்கு ஏறினால் 19-ஐத் தாண்டிவிடும். 9-0-9, 3 ஆம்பியர் போடுங்கள். பிரிட்ஜ் முறையில் (ஐ.சி.யின் இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்கு) மோனோவாக ஓட்டினால் ஸ்பீக்கர் 4 ஓமுக்குக் குறையக் கூடாது. அந்த முறையில் ஸ்பீக்கர் ஒயர் இரண்டுமே அவுட்புட்தான், எதுவும் எர்த் அல்ல. ஒன்று சேசிஸில் பட்டாலும் ஐ.சி. காலி.

8 அங்குல ஊஃபருக்கு (பாஸ் ஸ்பீக்கர்) 30 லிட்டர் பாக்ஸ், 40 ஹெர்ட்ஸ் ட்யூனிங். பாக்ஸில் காற்று போய்வரும் பைப் எவ்வளவு நீளம்? (நாகர்கோவில் வாசகர்)

பைப்பின் உள் விட்டத்தைச் செ.மீ.-இல் எடுத்து வர்க்கமாக்கி 23,562-ஆல் பெருக்குங்கள். அதை, ஹெர்ட்ஸின் வர்க்கத்தை லிட்டரால் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். கடைசியில் விட்டத்தின் 0.73 மடங்கைக் கழியுங்கள். 7.5 செ.மீ. விட்டத்துக்கு 22 செ.மீ. வரும். கடையில் சொல்லும் 'மூணு இஞ்ச்' கணக்கை நம்பாமல் உள் விட்டத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள்.

ஊஃபரும் பைப்பும் உள்ளே இடம் பிடிக்கும். அதற்கு 3 லிட்டர் சேர்த்து உள் அளவை 30 x 30 x 37 செ.மீ. என்று வையுங்கள். மரம் 18 மி.மீ.; மூட்டுகளில் ஃபெவிகால் நிரம்பி வழியட்டும், சின்னக் கசிவும் பைப்பின் வேலையைக் கெடுக்கும். பைப்பின் உள்வாய்க்கும் பின்பலகைக்கும் குறைந்தது 7.5 செ.மீ. இடைவெளி வேண்டும்.

பைப்பை 25 செ.மீ.-இல் வெட்டித் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்; குறைத்தால் ட்யூனிங் ஏறும், ஒட்டவைக்க முடியாது. போனிலிருந்து 40 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து கோனில் விரல் நுனியை வையுங்கள். 35, 45 என்று மாற்றிப் பார்த்தால், சரியான ட்யூனிங்கில் கோன் ஏறக்குறைய அசையாது, பைப் வாயில் காற்று அடிக்கும். அளவுச் சீட்டு இல்லாத மலிவு ஊஃபர் என்றால் இந்தப் பாடே வேண்டாம், மூடிய பாக்ஸே நல்லது.

வால்வு ரேடியோவில் இ.எல்.84 அவுட்புட் வால்வின் பிளேட் (உள்ளிருக்கும் உலோகத் தகடு) சிவக்கிறது. (காரைக்குடி வாசகர்)

உடனே அணையுங்கள், சில நிமிடம் விட்டாலும் வால்வு பாழ். முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து இரண்டாம் பின்னுக்கு (கிரிட்) வரும், டி.சி.யைத் தடுத்து ஒலியை மட்டும் விடும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்தால் இப்படி ஆகும். அந்தப் பின்னில் சேசிஸைப் பொறுத்து பூஜ்யம் வோல்ட் இருக்க வேண்டும். சில வோல்ட் பாசிட்டிவ் காட்டினால், அணைத்து, ஃபில்டர் கெப்பாசிட்டரை 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் டிஸ்சார்ஜ் செய்து, கெப்பாசிட்டரின் ஒரு காலைக் கழற்றி மறுபடி ஆன் செய்து அளந்து பாருங்கள். வோல்ட் மறைந்தால் 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர் போடுங்கள். மறையாவிட்டால் வால்வே போய்விட்டது. ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

8 ஓம் ட்வீட்டருக்கு (கீச்சொலி ஸ்பீக்கர்) 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சீரீஸில் போட்டிருக்கிறேன், அடிக்கடி எரிகிறது. (சேலம் வாசகர்)

2,000 ஹெர்ட்ஸிலிருந்தே அதைப் பாட வைக்கிறீர்கள். 3.3 போடுங்கள், 6,000-க்கு ஏறும். நான்-போலார்தான் (பிளஸ், மைனஸ் பார்க்காதது) வேண்டும், ஃபில்டருக்குப் போடும் சாதா எலெக்ட்ரோலிட்டிக் ஆகாது.