கொலையாளி யார் என்று ஏன் சொல்லவில்லை?

கேள்வி: ஜப்பானிய இயக்குநர் ஹிரோகசு கொரே-எடாவின் ‘மூன்றாவது கொலை’ படத்தை நீங்கள் பாராட்டியதை நம்பிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, கொன்றது யார் என்பதையே சொல்லாமல் முடித்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லத் துணிவில்லாத படம் நீதியைப் பற்றிப் பேசலாமா? ஜப்பான் போன்ற ஒழுங்கான நாட்டின் நீதிமன்றத்தை இப்படிக் காட்டுவது மிகை அல்லவா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. முதல்முறை பார்த்தபோது எனக்கும் அது இருந்தது. ஆனால் அதை இயக்குநர் தலையில் இறக்கிவைப்பதற்கு முன், நீங்கள் இப்போது கேட்கும் அதே கேள்வியைப் படத்துக்குள் கேட்டிருக்க வேண்டியவர்கள் யார் யார், அவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீதிபதி கேட்கவில்லை. அரசுத் தரப்பு கேட்கவில்லை. குற்றவாளிக்காக வாதாடும் ஷிகெமோரி, பாதிப் படம் வரை அது தன் வேலையே இல்லை என்றுதான் இருக்கிறார்.

தொடக்கக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முன்பே ஒரு கொலை வழக்கில் சிறை சென்று வந்த மிசுமி, இரவில் ஆற்றங்கரையில் தன் முதலாளியைப் பின்னாலிருந்து மண்டையில் அடித்துச் சாய்த்து, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துகிறார். கண்ணாரப் பார்த்துவிட்டோம் என்று நாம் நிம்மதியடைகிறோம். நாம் பார்த்தது அவர் கொடுத்த வாக்குமூலத்தின் காட்சி வடிவம்தான் என்பது போகப் போகத்தான் உறைக்கிறது. பின்னால் அதே ஆற்றங்கரையில் முதலாளியின் மகள் சாகியேவும் நிற்கும் வேறொரு காட்சி வருகிறது; அதுவே உண்மை என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஷிகெமோரி எதைத் தேடுகிறார் என்பதைப் பாருங்கள். ஜப்பானியத் தண்டனைச் சட்டத்தின் 240-ஆம் பிரிவின்படி, கொள்ளையடிக்கக் கொலை செய்தவருக்கு மரண தண்டனை, இல்லையேல் ஆயுள் தண்டனை, வேறு வழியில்லை. வேறு ஏதோ பகையில் கொன்றுவிட்டு, அதன் பிறகு பணப்பையின் மேல் ஆசை வந்திருந்தால், அது கொலை தனி, திருட்டு தனி. கொலைக்கான 199-ஆம் பிரிவில் தண்டனை 5 ஆண்டுச் சிறை வரைகூட இறங்க இடமுண்டு. எனவே ஒரு மனிதன் ஏன் இன்னொரு மனிதனைக் கொன்றான் என்ற கேள்வி, பணப்பையில் படிந்த பெட்ரோல் கறை என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. கறை இருந்தால், எரிப்பதற்காக பெட்ரோல் ஊற்றிய பிறகுதான் பையை எடுத்திருக்கிறார் என்று வாதாடலாம். உண்மை எப்படியும் தெரியப்போவதில்லை, கட்சிக்காரருக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்வோம் என்பது ஷிகெமோரியின் தொழில் நெறி. மசஹாரு ஃபுகுயாமா அந்தப் பாத்திரத்தைக் கெட்டவராக நடிக்கவில்லை, கெட்டிக்காரராக நடித்திருக்கிறார். அதனால்தான் அவர் ஆட்டம் காணும்போது நமக்கும் வலிக்கிறது.

இனி உங்களை மீண்டும் பார்க்கச் சொல்ல வேண்டிய காட்சிக்கு வருகிறேன். விசாரணை நடுவில் மிசுமி, நான் கொல்லவே இல்லை, அந்த ஆற்றங்கரைக்கே போகவில்லை என்று பல்டி அடிக்கிறார். தன் தந்தை தனக்குச் செய்த கொடுமையை நீதிமன்றத்தில் சொல்லச் சாகியே துணிந்திருந்த நேரம் அது. மிசுமி கொலையே செய்யவில்லை என்றால் அவளுடைய சாட்சியம் தேவையற்றதாகிவிடும். அவளைக் காப்பாற்றத்தான் மிசுமி தன் கழுத்தைக் கயிற்றுக்குக் கொடுத்தாரா? ஷிகெமோரி அப்படி நினைக்கிறார். ஆனால் நீதிமன்றத்துக்கு அந்தக் கவலை இல்லை. 2009 மே மாதம் முதல் ஜப்பானில் கொலை போன்ற பெருங்குற்றங்களை 3 நீதிபதிகளும் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 6 பேரும் சேர்ந்து விசாரிக்கிறார்கள்; எதை விசாரிப்பது, எத்தனை நாளில் முடிப்பது என்பதெல்லாம் விசாரணை தொடங்கும் முன்பே பேசி முடிக்கப்பட்டுவிடும். குற்றத்தையே மறுக்கும் ஒருவருக்காக அத்தனையையும் கலைத்து மறுபடி அடுக்க வேண்டும். இளம் பெண் அரசு வழக்கறிஞர் ஒருவர் மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார். மூத்தவர் அவர் காதில் ஏதோ சொல்கிறார். கண்கள் சந்தித்துக்கொள்கின்றன, அவரும் இணங்கிவிடுகிறார். இரு தரப்பும் நீதிபதியும் ஒரே படகில் போகிறவர்கள்தானே என்று ஷிகெமோரியின் சகா பிறகு விளக்கம் சொல்கிறார். தலைப்பில் இருக்கும் மூன்றாவது கொலை, மிசுமியைத் தூக்குக்கு அனுப்பும் கொலை, நடந்த இடம் என் கணக்கில் இதுதான். அதற்குக் கொலையாளியின் பெயர் வேண்டும் என்றால், அது ஒற்றைப் பெயர் அல்ல. இங்கே யாருமே உண்மையைப் பேசுவதில்லை என்று சாகியே சொல்வதைக் கேட்ட பிறகும், படம் உண்மையைச் சொல்லத் துணியவில்லை என்று உங்களால் எப்படி எழுத முடிந்தது?

கொரே-எடா இந்தப் படத்துக்காக உண்மையான வழக்கறிஞர்களை வைத்து மாதிரி விசாரணைகள் நடத்திப் பார்த்து, அதிலிருந்து திரைக்கதையைத் திருத்தியவர். ஆகவே மிகை என்ற குற்றச்சாட்டையும் ஏற்க மாட்டேன். அங்கே குற்றப்பத்திரிகை தாக்கலான வழக்குகளில் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனையில் முடிகின்றன. உறுதியான வழக்குகளையே அரசுத் தரப்பு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறது என்று இதற்கு ஒரு சமாதானம் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தச் சமாதானத்தை இவாவோ ஹகமாடாவின் வழக்குக்கு முன் வைத்துப் பாருங்கள்.

1966-இல் ஷிசுவோகா மாநிலத்தில் மிசோ என்ற புளித்த சோயா விழுது தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் நிர்வாகி குடும்பத்தில் 4 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே வேலை பார்த்த முன்னாள் குத்துச்சண்டை வீரர் ஹகமாடா கைது செய்யப்பட்டு, நாளெல்லாம் நீண்ட விசாரணைக்குப் பிறகு ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார். எழுதி வாங்கப்பட்ட 45 வாக்குமூலங்களில் 44-ஐ நீதிமன்றமே தள்ளிவிட்டு, மிஞ்சிய ஒன்றை ஏற்றுக்கொண்டது. சம்பவம் நடந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு மிசோ தொட்டியிலிருந்து ரத்தக்கறை படிந்த 5 உடைகள் கிடைத்தன. 1968-இல் மரண தண்டனை. 1980-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தூக்கிலிடப்போகும் நாள் எது என்பதை அன்று காலையில்தான் கைதிக்குச் சொல்வார்கள் என்பது அந்த நாட்டு வழக்கம். அப்படிப்பட்ட காலைகளை அவர் 2014 வரை சிறையில் எதிர்கொண்டு, மனம் சிதைந்து வெளியே வந்தார். 2024 செப்டம்பரில், அவருடைய 88-ஆம் வயதில், அந்த உடைகள் புலனாய்வாளர்களால் புனையப்பட்டவை என்று சொல்லி ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது.

படத்தில் ஷிகெமோரியின் தந்தை ஓய்வுபெற்ற நீதிபதி. முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த முதல் கொலை வழக்கில் மிசுமிக்குத் தூக்கு விதிக்காமல் விட்டதற்காக அவர் வருந்துகிறார். ஹகமாடாவுக்கு 1968-இல் தூக்கு விதித்த மூன்று நீதிபதிகளில் ஒருவரான நொரிமிச்சி குமாமோட்டோவின் வருத்தம் இதற்கு நேர் எதிரானது. ஹகமாடா குற்றமற்றவர் என்றே தான் நம்பியதாகவும், மற்ற இருவரும் உடன்படாததால் அந்தத் தீர்ப்பைத் தன் கையாலேயே எழுத நேர்ந்ததாகவும் 2007-இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். தீர்ப்பு வந்த மறு ஆண்டே அவர் நீதிபதி பதவியை விட்டிருந்தார். ஹகமாடா குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்த நாளைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2020-இல் இறந்துபோனார்.